காலனி என்று அச்சிடவா, வேண்டாமா?

கேள்வி: காலனி, அவென்யூ, மால் போன்ற ஆங்கிலச் சொற்களின் மூலப் பொருள் என்ன? எங்கள் தெருப் பெயரில் உள்ள 'காலனி'யை எடுத்துவிட்டு 'அவென்யூ' என்று வைக்கலாமா?

பதில்: கேள்வியின் இரண்டாம் பாதிதான் உங்களை எழுத வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் முகவரியைப் படித்த யாரோ ஒருவர் ஒரு கணம் நிறுத்தி, பிறகு உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். அந்த ஒரு கணத்தை நான் நன்றாக அறிவேன்.

நான் வளர்ந்தது தக்கலைக்குப் பக்கத்தில், அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் இருந்த ஒரு காலனியில். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. 1994-இல் அக்காவின் கல்யாணப் பத்திரிகை அடிக்க அப்பாவுடன் அச்சகத்துக்கு நானும் போனேன். அச்சகக்காரர் நல்ல மனிதர். அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர், முகவரி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, காலனி என்று அச்சிடவா, வேண்டாமா?"

அவர் எங்களை இழிவுபடுத்தக் கேட்கவில்லை. எங்கள் நன்மைக்காகவே கேட்டார். அதனால்தான் அந்தக் காயம் இன்றுவரை ஆறவில்லை. அப்பா மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த மாதிரிப் பத்திரிகைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "விளை என்று போடுங்கள்" என்றார்.

வெளி மாவட்டத்தாருக்காகச் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் நெல் வயல் பரப்புக்கு ஏலா என்று பெயர். தென்னை, பனை, மரச்சீனி (மரவள்ளி) நிற்கும் மேட்டு நிலம் விளை. இங்கே எத்தனையோ ஊர்ப் பெயர்கள் 'விளை' என்றே முடியும். எங்கள் வீடுகள் எழும்புவதற்கு முன் அந்த இடமும் மரச்சீனி விளைதான். பாட்டிமார் கடைசிவரை அப்படித்தான் சொன்னார்கள்.

கல்லூரிக்குப் போன பிறகு, நூலகத்தில் நான் முதலில் தேடிய ஆங்கிலச் சொல் காலனி. அதன் மூலம் இலத்தீனில் 'கொலோனியா'. 'கொலெரே' என்றால் நிலத்தைப் பண்படுத்திப் பயிரிடுதல். 'கொலோனுஸ்' என்றால் உழவன். போரிட்டு ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு ரோமானியர்கள் நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்கள் கொலோனியா எனப்பட்டன. ஜெர்மனியில் உள்ள கொலோன் நகரம் கி.பி. 50-இல் அந்தத் தகுதியைப் பெற்றது. அந்தச் சொல்லே பின்பு அதன் பெயராகிவிட்டது. நிலம் பெற்றவர்களின் ஊருக்கு அங்கே வைத்த பெயரை, ஒரு சென்ட் வயலும் இல்லாதவர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடத்துக்கு இங்கே வைத்திருக்கிறார்கள்.

காலனிக்கு நேர்த் தமிழ் விளை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அப்பா அதைச் சரியாக மொழிபெயர்த்திருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பட்டாளத்துக்காரர்களுக்கு ஆளுக்கு எத்தனை சென்ட் கொடுத்தார்கள்?" என்றுதான் கேட்டார்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மால் என்பது மரச் சுத்தியால் பந்தடிக்கும் ஒரு பழைய விளையாட்டின் பெயரிலிருந்து வந்தது. லண்டனில் அதை ஆடிய இடத்துக்கு அந்தப் பெயர் நின்று, உலாவும் சாலைக்கும் பிறகு கடைத்தொகுதிக்கும் போனது. அவென்யூ பிரெஞ்சுச் சொல். வந்து சேர்தல் என்பது அதன் வேர். பெரிய மாளிகைக்குப் போகும், இருபுறமும் மரம் நிற்கும் வழியைக் குறித்தது. எங்கள் ஊரில் பாசனச் சானல் கரையில் நின்ற தென்னைகளை எல்லாம் வெட்டிவிட்டு ஒரு மனைப்பிரிவு போட்டார்கள். அதற்கு அவென்யூ என்று பெயர் வைத்தார்கள். மண்ணைக் கொட்டிச் சானலையும் பாதி அடைத்துவிட்டார்கள். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தாலும் கடைவரம்பு ஏலாக்களுக்கு அது வந்து சேர்வதில்லை. மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன்.

"சொல்லில் என்ன இருக்கிறது, பெயரை மாற்றினால் சாதி போய்விடுமா" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள். போகாது என்று எனக்கும் தெரியும். நான் மொழியியல் படித்தவனும் இல்லை. ஆனால் வேர்ப்பொருள் நல்லதாக இருப்பதால் சொல் யாரையும் சுடாது என்று சொல்பவர்கள் நாகர்கோவிலுக்கு வாருங்கள். பெரிய பஸ் நிலையம் இருக்கும் இடம் வடசேரி. சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம். வடசேரி என்று சொல்ல இங்கே ஒருவரும் கூசுவதில்லை. அதே சேரியை வேறிடத்தில் தனியாகச் சொன்னால் வசைச்சொல். வீட்டுவசதி வாரியக் காலனியில் வீடு வாங்கியவர் அதைப் பெருமையாகச் சொல்கிறார். எங்களிடம் அச்சகக்காரர் குரலைத் தாழ்த்துகிறார். அங்கே குடியிருப்பது யார் என்பதைப் பார்த்துத்தான் சொல்லுக்கு மதிப்பு வைக்கிறார்கள்.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தபோது அக்கா அழுதுவிட்டாள். அதை அரசியல் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆகவே மாற்றுங்கள், ஆனால் அவென்யூ வேண்டாம். உங்கள் வீடுகள் வருவதற்கு முன் அந்த நிலத்துக்கு என்ன பெயர் இருந்தது என்று அங்குள்ள வயதானவர்களிடம் கேளுங்கள். விளையோ, தோப்போ, திட்டோ, கட்டாயம் ஒரு பெயர் இருந்திருக்கும். பலகை எழுதும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எங்கள் பஸ் நிறுத்தத்தில் 'விளை' என்பதை 'விலை' என்று எழுதிவைத்து ஆறு வருடம் ஆகிறது, இன்னும் திருத்தவில்லை.