புள்ளிமான்களைப் பிடித்து வேறு காட்டில் விடுவதால் அவற்றின் உடல்நலத்துக்கு என்ன ஆபத்து?

கல்லூரி வளாகங்களில் பெருகிவிட்ட புள்ளிமான்களைப் பிடித்துக் காட்டில் விட்டுவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம், ஆனால் விட்ட மான் பிழைக்குமா என்பதுதான் சிக்கல்.

பிடிக்கும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது. துரத்தப்படும் மான் அச்சத்தில் தன் சக்திக்கு மீறி ஓடும்போது, தசைகளில் லாக்டிக் அமிலம் பெருகி, உடல் வெப்பம் ஏறி, தசையிழைகள் சிதையத் தொடங்குகின்றன. அவற்றிலிருந்து இரத்தத்தில் கலக்கும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. கால்கள் விறைத்து, சிறுநீர் காபி நிறத்தில் வெளியேறத் தொடங்கிய மானைப் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. சில மான்கள் சில மணி நேரத்தில் இறந்துவிடும். சில, வண்டியிலிருந்து துள்ளி இறங்கி ஓடிய பிறகு, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து இறக்கும். விடுவித்த அன்றே அறிவிக்கப்படும் வெற்றிகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

மயக்க ஊசியும் முழுத் தீர்வன்று. அசைபோடும் விலங்கு ஒருக்களித்துக் கிடந்தால் வயிறு உப்பும்; எதுக்களித்த இரை மூச்சுக்குழலில் புகும். ஆகவே மார்பு தரையில் படும்படி கிடத்தி, தலையை உயர்த்தி, கண்ணைக் கட்டுவார்கள். திரையிட்ட புனல் வடிவ அடைப்புக்குள் மெல்ல ஒதுக்கி, கை படாமல் வண்டியேற்றும் போமா முறை இதைவிட மேலானது.

மானோடு நோயும் பயணிக்கும். காசநோய், கோமாரி, உண்ணிகள் ஆகியவை புதிய காட்டு விலங்குகளுக்கும் அருகில் மேயும் மாடுகளுக்கும் பரவக்கூடும். அமெரிக்காவின் கொலராடோவில் 1967-இல் முதலில் கண்டறியப்பட்ட மான்களின் நலிவு நோய்க்குச் சிகிச்சையே இல்லை; அதற்குக் காரணமான பிரியான்கள் என்ற உருத்திரிந்த புரதங்கள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்குவதால், அங்கே பல மாநிலங்கள் உயிருள்ள மான்களை இடம் மாற்றக் கடும் கட்டுப்பாடுகள் விதித்துள்ளன.