வாழ்நாள் வாரண்டி உள்ள ரேச்சட், ஸ்பானருக்கு அதிக விலை கொடுக்கலாமா? உடைந்தால் உண்மையிலேயே மாற்றித் தருவார்களா?

மாற்றித் தருவார்கள். எனக்கும் தந்தார்கள். எதைத் தந்தார்கள், எத்தனை நாள் கழித்துத் தந்தார்கள் என்பதில்தான் என் வயிற்றெரிச்சல் எல்லாம். கேள்வி கேட்டவர் புதிதாகப் பட்டறை வைக்கப் போவதாக எழுதியிருக்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட். சொந்தமாகப் பட்டறை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. தோட்டத்து டிராக்டர், செம்பனைக் குலை ஏற்றும் லோரி, இவைதான் முக்கால்வாசி வேலை. மீதி நேரத்துக்கு ஊர்க்காரர்களின் மோட்டார் சைக்கிள். சில வருடங்களுக்கு முன் ஈப்போவில் ஒரு கடையில் அரை இஞ்சி ரேச்சட் ஒன்று வாங்கினேன். போல்ட் தலையில் கவியும் சாக்கெட்டை முனையில் மாட்டி, பிடியை முன்னும் பின்னும் ஆட்டியே போல்ட்டைக் கழற்றும் சாமான் அது. அரை இஞ்சி என்பது அந்த முனையின் அளவு. விலை 180 வெள்ளி, அதாவது ரிங்கிட். பக்கத்திலேயே 45 வெள்ளிக்கும் ஒன்று தொங்கியது. "அண்ணே, இது உடைஞ்சா புதுசு தந்துடுவோம், ஒரு கேள்வி கேக்க மாட்டோம்" என்று கடைத் தம்பி சொன்னதை நம்பித்தான் கூடுதலாக 135 வெள்ளி கொடுத்தேன். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான்.

ரேச்சட்டும் நல்ல சாமான்தான். மூன்று வருடம் அடித்து உழைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தோட்டத்து டிராக்டர் ஒன்று ஸ்டார்ட்டர் பிடிக்காமல் நின்றுவிட்டது. பின்னால் டிரெய்லர் நிறையக் குலை. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறி, தரம் இறங்கிவிடும். மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி, பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஸ்டார்ட்டரின் மேல் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி அழுத்தினேன். உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். பிடி சும்மா சுற்றியது. அழுத்திய வேகத்தில் முஷ்டி போய் வார்ப்பிரும்பில் மோதி மூன்று விரல் முட்டியிலும் தோல் உரிந்தது. பக்கத்துப் பட்டறைக்காரரிடம் இரவல் வாங்கித்தான் அன்றைக்கு வண்டியை அனுப்பினேன்.

திங்கட்கிழமை ஈப்போவுக்குப் போனேன். 30 கிலோமீட்டர்தான். ஆனால் போய், கார் நிறுத்த இடம் தேடி, வரிசையில் நின்று, திரும்பி வர அரைநாள் ஓடிவிடும். தனியாளாகப் பட்டறை நடத்துபவன் அரைநாள் கதவைச் சாத்தினால் அந்த வருமானத்தை எந்த வாரண்டியும் தராது.

ரெசிட் கேட்டார்கள். டூல்ஸ் பெட்டியின் மேல் தட்டில் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்து நீட்டினால் வெள்ளைத் தாள். ஒரு எழுத்துகூட இல்லை. கடையில் தரும் ரெசிட் சூடு பட்டு எழுத்து விழும் தாள். தகரக் கூரைக்குக் கீழே தகரப் பெட்டிக்குள் மூன்று வருடம் கிடந்தால் அது எப்படி நிற்கும்? நல்லவேளை, என் போன் நம்பரைத் தட்டியதும் அவர்கள் கணினியில் விவரம் வந்தது. தயவுசெய்து வாங்கிய அன்றே ரெசிட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குழாய் செருகிய தழும்பு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இதில் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. இறுகிப்போன நட்டைக் கழற்ற ரேச்சட் பிடியில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி ஏறி மிதிப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணம். அப்படி உடைந்தால் எந்தக் கம்பெனியும் தராது, தரவும் வேண்டாம். நான் அதற்கென்று நீளமான பார் தனியாக வைத்திருக்கிறேன். என் ரேச்சட்டில் ஒரு கீறல் கிடையாது. ஆனாலும் குற்றவாளி மாதிரி நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உடைந்ததை வாங்கி வைத்துக்கொண்டு "ஏஜெண்டுக்கு அனுப்பணும் அண்ணே, ரெண்டு வாரம்" என்றார்கள். ஏழு வாரம் ஆனது. அதற்குள் மூன்று முறை போன் போட்டேன். இடையில் வேலைக்கு வேண்டுமே என்று அந்த 45 வெள்ளி ரேச்சட்டையே வாங்கிக்கொண்டேன். வாரண்டி இருக்கும் சாமானுக்குப் பதிலாக, வாரண்டி இல்லாத சாமான்தான் அந்த ஏழு வாரமும் சோறு போட்டது.

ஏழாவது வாரம் வந்தது புதுசுதான். பளபளவென்று, நெகிழி உறை பிரிக்காமல். பெட்டியில் அதே பெயர், பிடியில் அதே முத்திரை. பட்டறைக்குக் கொண்டுவந்து கையில் சுற்றிப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. பழையதில் பல்சக்கரத்துக்கு 72 பல். இதில் 36.

இது ஏன் பெரிய விஷயம் என்று பட்டறைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. 72 பல் என்றால் ஒரு பல்லுக்கு 5 பாகை. 36 பல் என்றால் 10 பாகை. பிடி 25 செண்டிமீட்டர் நீளம் என்று வையுங்கள். 5 பாகைக்குப் பிடியின் நுனி 2 செண்டிமீட்டர் சொச்சம் நகர்ந்தால் போதும், அடுத்த பல் விழுந்துவிடும். 10 பாகைக்கு 4 செண்டிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். அந்த டிராக்டரின் ஸ்டார்ட்டர் மேல் போல்ட்டுக்கும் சேஸிக்கும் நடுவில் பிடி ஆட இருக்கும் இடமே 3 செண்டிமீட்டர்தான். பழைய ரேச்சட்டில் டிக், டிக் என்று போல்ட் கழன்று வரும். புதியதில் ஒரு பல்கூட விழாது. ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். எந்த வேலைக்காக 180 வெள்ளி கொடுத்தேனோ அந்த வேலையை இது செய்யாது.

போன் போட்டேன். "பழைய மாடலை நிறுத்திட்டாங்க அண்ணே, இது அதுக்கு சமம்" என்றான் தம்பி. எதற்குச் சமம்? அரை இஞ்சிக்கு அரை இஞ்சி, அவ்வளவுதான். வாரண்டித் தாளை எடுத்துப் படித்தேன். 'அதே பொருள் அல்லது அதற்கு இணையான பொருள்' என்று இருந்தது. இணையா இல்லையா என்று முடிவுசெய்பவர்கள் அவர்கள். நான் அல்ல.

அதுவும் ஐந்தாம் மாதம் நழுவ ஆரம்பித்தது. இந்த முறை கொண்டுபோகும் முன் நானே பிரித்தேன். பின்பக்கத் தட்டில் இரண்டு சிறிய ஸ்குரூ. உள்ளே ஒரு பல்சக்கரம், அதைக் கவ்விப் பிடிக்கும் கட்டை ஒன்று, அந்தக் கட்டையை முன்னால் தள்ளும் நெல்மணி அளவு ஸ்பிரிங், ஒரு குண்டு. கிரீஸ் பொட்டுக்கூட இல்லை. கட்டையின் முனைப்பல் ஒன்று மூளியாகியிருந்தது. மொத்த ரேச்சட்டில் கெட்டுப்போனது என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு இரும்பு. தலையும் பிடியும் இன்னும் இருபது வருடம் தாங்கும்.

"இந்த உள்சாமானை மட்டும் தாங்களேன்" என்று ஏஜெண்டிடமே கேட்டேன். அப்படி ஒன்று விற்பதில்லை, முழுசாகத்தான் மாற்றுவோம் என்றார்கள். என் முதல் ரேச்சட்டை ஏன் கையைவிட்டுக் கொடுத்தேன் என்று அன்றைக்குத்தான் நினைத்து வருந்தினேன். உள்ளே போகும் பாகத்தைத் தனியாக விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கம்பெனியாகப் பார்த்து வாங்கியிருந்தால், பத்து நிமிட வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் விசாரித்தேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்த உத்தரவாதம் அவரைக் கட்டுப்படுத்தும். பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வாங்கும்போதே பாகம் கிடைக்காது என்று சொல்லிவிட்டால் அந்த உரிமை நம் கையைவிட்டுப் போய்விடும். பயனீட்டாளர் தீர்ப்பாயம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா, அங்கே மனு போட 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வேண்டாம், நாமே பேசலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. பிறருடைய வண்டியைத் தொழிலாகப் பழுதுபார்க்கவே முக்கியமாக ஒரு பொருளை வாங்கினால், இந்தச் சட்டத்தின் கண்ணில் நாம் 'பயனீட்டாளர்' ஆக மாட்டோம். வீட்டில் சொந்தக் காரைப் பார்த்துக்கொள்ள வாங்கிய ஆசிரியருக்குச் சட்டம் துணை நிற்கும். அதே ரேச்சட்டைத் தினமும் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கதவு அநேகமாகச் சாத்தியிருக்கும். இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. இந்தச் சாமான் அதிகம் தேவைப்படுபவர்கள் நாம்தானே.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 'வாழ்நாள்' என்று விளம்பரம் செய்தால் எதனுடைய வாழ்நாள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அங்கே அரசின் வணிக ஆணையமே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. காரின் எக்சாஸ் சைலன்சரை அதற்கு உதாரணம் காட்டுகிறார்கள்: வாழ்நாள் என்பது வாங்கியவருடையதா, பொருத்திய காருடையதா? கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் சியர்ஸ் கடைகள் 1927 முதல் கைக்கருவி விற்றன. உடைந்ததை மேசையில் வைத்தால் மாற்றிக் கொடுப்பதுதான் அதன் பேரே. 2017இல் அந்தப் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற கருவிக் கம்பெனி வாங்கியது. 2018இல் சியர்ஸ் திவால் மனு போட்டது. வாரண்டி காகிதத்தில் தொடர்ந்தது. உடைந்ததைக் கொண்டுபோய் வைக்கிற அந்த மேசைதான் ஊர் ஊராகக் காணாமல் போனது. தூரத்து ஊரில் இருக்கும் நமக்கு அந்த மேசைதான் வாரண்டி.

இன்னொன்று. வாழ்நாள் என்று போட்டிருந்தாலும் தேய்கிற சாமானுக்குப் பொதுவாகக் கிடையாது. டிரில் பிட், ரம்பம், ஸ்குரூடிரைவர் முனை, கத்தியின் வாய், அளவுநாடா எல்லாம் இதில் அடங்கும். போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்கும் பெரும்பாலும் இல்லை, அது அளவு பார்த்துத் திருத்த வேண்டிய சாமான். பளபள சாக்கெட்டைக் காற்றழுத்தத்தில் நட்டைக் கழற்றும் துப்பாக்கியில் மாட்டி வெடித்தாலும் தர மாட்டார்கள், அதற்குக் கறுப்பு சாக்கெட் தனி. எங்கள் பக்கத்து வீட்டு மாமா குலை வெட்டுகிறவர். அரிவாளுக்கும் இப்படி ஒரு வாரண்டி இருக்கிறதாமே என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டார். தினமும் தீட்டித் தீட்டியே அது கரைந்து போகிறது மாமா, அதற்கு யார் தருவார்கள் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

ஆக, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்பானர், சாக்கெட் போல அசையும் பாகம் இல்லாத சாமானுக்கு வாழ்நாள் வாரண்டி நல்லதுதான், நம்பி வாங்கலாம். உடைவதே அபூர்வம். மாற்றித் தந்தாலும் 17 மில்லிமீட்டர் சாக்கெட்டுக்கு 17 மில்லிமீட்டர்தான் வரும். ரேச்சட் வாங்கும்போது மட்டும் வாரண்டியைப் பிறகு பாருங்கள். முதலில் கடை மேசை முன்னால் நின்று, "உள்சாமான் தனியாகக் கிடைக்குமா? உங்க கடையிலயே ஸ்டாக் இருக்கா?" என்று கேளுங்கள். உடைந்தால் அன்றைக்கே மாற்றுவார்களா, ஏஜெண்டுக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். பல் எண்ணிக்கையை ரெசிட்டிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு 'இணையான பொருள்' என்று பேச்சு வந்தால் அந்த ஒரு வரி கைகொடுக்கும். அனுப்பத்தான் வேண்டும் என்றால், கொடுக்கும் முன் பிடியையும் தலையையும் நாலா பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

நான் இரண்டாவது ரேச்சட்டைத் திருப்பித் தரவே இல்லை. சுவரில் ஆணியில் தொங்குகிறது, இடம் தாராளமாக இருக்கும் வேலைக்கு எப்போதாவது எடுப்பேன். இப்போது கையில் இருப்பது வேறொன்று, 72 பல், 110 வெள்ளி. அதோடு சேர்த்து 28 வெள்ளிக்கு உள்சாமான் செட் ஒன்றும் வாங்கி, எண்ணெய் தடவி, பெட்டியின் அடித்தட்டில் போட்டு வைத்திருக்கிறேன். போன மாசம் மழைநாளில் அது நழுவ ஆரம்பித்தது. டிராக்டர்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாற்றி முடித்துவிட்டேன்.