ஷவரை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

தண்ணீரை ஓடும்போதே சூடாக்கித் தரும் மின் ஷவர் நின்றுபோனது பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. ஏறக்குறைய எல்லாமே பழைய வயரிங் உள்ள வீடுகளிலிருந்து வந்தவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: குளித்துக்கொண்டிருந்தபோதே ஷவர் நின்றுவிட்டது. அதில் ஒரு விளக்கும் எரியவில்லை, தண்ணீரும் வரவில்லை. வீட்டில் மற்றதெல்லாம் ஓடுகிறது. போர்டு பழைய ஃபியூஸ் கட்டை போட்டது. புது ஷவர் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், போயிருந்தால் விளக்கு எரியும், தண்ணீர் மட்டும் பச்சைத் தண்ணீராகக் கொட்டும். உங்களுக்குத் தண்ணீரே வரவில்லை. பல ஷவர்களில் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வே கரண்டில்தான் இயங்குகிறது. வால்வும் விளக்கும் ஒன்றாக நின்றால், ஷவர் வரைக்கும் கரண்ட் வந்து சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

போர்டில் ஃபியூஸ் அறுந்திருக்கலாம், வயர் போயிருக்கலாம், குளியலறை சுவிட்ச் கருகியிருக்கலாம். என் சந்தேகம் சுவிட்ச் மேல். 9 கிலோவாட் ஷவர் 230 வோல்ட்டில் 39 ஆம்பியர் இழுக்கும். சுவிட்சுக்குள் ஒரு திருகு தளர்ந்து அங்கே வெறும் 0.1 ஓம் தடை உண்டானாலே போதும், அந்த இடத்தில் 150 வாட் சூடு பிறக்கும். ஒரு 100 வாட் குண்டு பல்பையும் ஒரு 40 வாட் பல்பையும் அந்தச் சின்ன மூடிக்குள் எரியவிட்டதற்கு ஏறக்குறைய சமம். பிளாஸ்டிக் பழுப்பேறும், வயரின் தோல் கருகிச் சுருங்கும், மீன் வாடை அடிக்கும். மெயினை அணைத்துவிட்டு மூடியை வெளியிலிருந்து பாருங்கள், முகர்ந்து பாருங்கள். கழற்றுவது எலக்ட்ரீஷியனின் வேலை. கறையோ வாடையோ இருந்தால் அவர் வரும்வரை அந்த லைனைப் போடவே கூடாது.

கேள்வி: ஷவர் போட்டால் ஃபியூஸ் அடிக்கடி போகும். தெரிந்தவர் ஒருவர் தடிமனான கம்பி சுற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தொந்தரவே இல்லை. அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. இன்றைக்கே கழற்றுங்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது சுவருக்குள் போகும் வயரை. அந்தக் காவலை எடுத்துவிட்டீர்கள். இனி அறுவதற்கு ஏதாவது வேண்டும் என்றால் வயர்தான் உருக வேண்டும், அதுவும் சுவருக்குள்ளே.

கேள்வி: நான் தனியாக வசிக்கிறேன். பழைய ஷவரில் சூடு பத்தவில்லை என்றேன். கடைக்காரர் 7.5 கிலோவாட்டுக்குப் பதில் 9.5 கிலோவாட் வாங்கச் சொல்லி, தன் ஆளையே அனுப்பிப் பொருத்தினார். மூன்றே வாரத்தில் புகை வந்து நின்றது. இப்போது “உங்கள் வயரிங் பழசு, வாரண்டி கிடையாது” என்கிறார்.

பதில்: தவறு உங்களுடையது இல்லை அம்மா. வயரிங் பழசு என்பது விற்கும் நாளிலும் பழசாகத்தான் இருந்தது. பொருத்த வந்தவர் போர்டைத் திறந்தார், வயரைத் தொட்டார், திருகை முடுக்கினார். பணம் வாங்கும்வரை கண்ணில் படாதது, புகை வந்த பிறகு எப்படிப் பட்டது?

இந்த வியாபாரத்தைப் பற்றி எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. 7.5 கிலோவாட் என்றால் ஏறத்தாழ 33 ஆம்பியர். 9.5 என்றால் 41. பழைய வயர் 33-க்கே திணறிக்கொண்டிருக்கும். அதில் 41-ஐ ஏற்றுவது பெயரளவில் ஷவர் மாற்றுவது, உண்மையில் வயரைச் சுடவைப்பது. எந்த அளவு வயர் வேண்டும், எந்த அளவு எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) வேண்டும் என்று ஷவருடன் வரும் கையேட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். 9.5 கிலோவாட்டுக்குப் பொதுவாக 10 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் கேட்பார்கள். விற்கிறவர் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: ஷவர் லைனில் என்ன வயர், போர்டில் என்ன ஃபியூஸ், எர்த் இருக்கிறதா? இதைக் கேட்டால் சில விற்பனை கைவிட்டுப் போகும் என்பதற்காகவே கேட்பதில்லை. வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள், கரண்ட் என்றாலே பயப்படுகிறவர்கள், இவர்களிடம்தான் இப்படி விற்கிறார்கள். இது ஏமாற்று. வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கருகிய ஷவரையும் வயர்த் துண்டையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். கடைக்குச் சம்பந்தமில்லாத, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வயர் அளவையும் கருகிய காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பில்லோடு சேர்த்து, பொருளுக்கும் பொருத்திய கூலிக்கும் இரண்டுக்குமே பணம் கேட்டுக் கடைக்காரருக்கு எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் வராவிட்டால் அதே தாள்களுடன் நுகர்வோர் புகார் கொடுங்கள்.

கேள்வி: ஷவர் ஓடும்போது வீட்டு விளக்கெல்லாம் மங்குகிறது, தண்ணீரும் வெதுவெதுப்புதான். ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பழைய வீட்டு ஹீட்டருக்கு நானே ஒன்று வாங்கிப் போட்டேன். வோல்ட்டேஜை உயர்த்த அது லைனிலிருந்து இன்னும் கூடுதலாக இழுத்தது. மற்ற அறைகள் முன்னைவிட மங்கின. அந்தப் பெட்டி பரண்மேல் கிடக்கிறது.

230 வோல்ட் 207 ஆகக் குறைந்தால் பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் சூடு 19 சதவீதம் குறையும். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால், 9 கிலோவாட் ஷவர் தண்ணீரை 26 டிகிரி உயர்த்த வேண்டும். 207 வோல்ட்டில் 21 தான் உயர்த்தும். விளக்கு முழு வீட்டிலும் மங்குவதால், கோளாறு மெயின் லைனிலோ அதன் இணைப்புகளிலோ இருக்கலாம். மின்வாரியத்தையோ மின்சாரம் தரும் நிறுவனத்தையோ முதலில் கூப்பிடுங்கள்.

கேள்வி: குளியலறைக் குழாய்களை பிளாஸ்டிக்காக மாற்றினோம். பழைய எர்த் கம்பி இரும்புக் குழாயில்தான் கட்டியிருந்தது. பரவாயில்லையா?

பதில்: இல்லை. உங்கள் வீட்டில் இப்போது எர்த் கிடையாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சரிசெய்யும்வரை ஷவரில் குளிக்காதீர்கள்.

கேள்வி: சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் ஒன்றும் ஓடவில்லை. கரண்ட் அதிகமாக வருகிறதா?

பதில்: நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், அறுந்திருக்கும். சுவிட்ச் போட்டபடி இருக்கும் ஏதோ ஒரு சாதனத்தின் வழியே பேஸ் (கரண்ட் வரும் வயர்) மறுபக்கம் வந்து நிற்கிறது. ஓடவில்லை என்பதால் செத்த லைன் என்று தொட்டால் ஷாக் அடிக்கும். மெயினை அணையுங்கள்.

கேள்வி: புதிதாக ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) போட்டோம். ஷவர் போட்டவுடன் விழுகிறது. அதை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

பதில்: அவரை மாற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டும் என்றுதான் அதைப் போடுகிறோம். ஷவர் காயிலோ, பழைய வயரின் ரப்பர் தோலோ கசியலாம். ரப்பர் உறை போட்ட காலத்து வயர் என்றால் தோல் காய்ந்து, வளைத்தாலே பொடியாக உதிரும். புதிதாக வருகிறவரிடம் ஷவரைக் கழற்றிவிட்டு லைனைத் தனியாக 500 வோல்ட் மெகர் (வயரின் தோல் கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த வயர் போயே ஆக வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்கு 10 ஸ்கொயர் எம்எம் வயர் வாங்கினேன். பில் தரவில்லை, பெயர் தெரியாத கம்பெனி. இது செம்பே இல்லை என்கிறார் வேலைக்கு வந்தவர். பணம் திரும்புமா?

பதில்: பில் இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? ஷவர் வயரைப் பாதி விலைக்கு, பில் இல்லாமல், பெயர் தெரியாதவரிடம் வாங்கலாமா என்று வாங்குவதற்கு முன்னால் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். வேலைக்கு வந்தவர் சொன்னது சரியா என்று நீங்களே பார்க்கலாம். தோலைச் சீவி ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். செம்பு என்றால் உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும். நான் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றின் வயரைச் சுரண்டியபோது, மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. வெளியே தடித்த ரப்பர், உள்ளே எண்ணிப் பார்க்கும்படி நாலைந்து மெல்லிய இழைகள். அப்படி இருந்தால் உங்கள் வயரை எந்த லைனிலும் போடாதீர்கள், பிறர் தலையில் கட்டியும் விடாதீர்கள்.

கேள்வி: வீடு முழுக்க வயர் மாற்ற இப்போது வசதியில்லை. ஷவர் லைனை மட்டும் மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். போர்டிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி, எர்த். ஆனால் மீட்டரிலிருந்து வரும் லைன் அந்த லோடைத் தாங்குமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தாங்காது என்றால் சின்ன கிலோவாட் ஷவரோ, தொட்டி வைத்த ஹீட்டரோ போதும். வேலை முடிந்ததும் வயர் அளவு, எம்சிபி அளவு, மெகர் காட்டிய எண், மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.