நாய்க்கும் வேண்டும் ஒரு முதலுதவிப் பெட்டி

கேள்வி: உடைந்த கண்ணாடியை மிதித்து எங்கள் நாயின் பாதம் கிழிந்துவிட்டது. கையில் ஒன்றுமில்லாமல் திண்டாடினோம். பெட்டியில் என்னென்ன வைக்கலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் வாய்க்கட்டு. வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையே கடித்துவிடும். வாந்தி எடுத்தாலோ மூச்சு இரைத்தாலோ மட்டும் அதைப் போடாதீர்கள்.

காஸ் துணி 10, ரோலர் பேண்டேஜ் 2, தன்மேல் ஒட்டும் பேண்டேஜ் 1, பஞ்சு, சலைன் (உப்புநீர்) பாட்டில், பொவிடோன் அயோடின் (கிருமிநாசினி), முனை மழுங்கிய கத்தரி, உண்ணி எடுக்க இடுக்கி, கையுறை, டிஜிட்டல் தெர்மாமீட்டர். இவை போதும்.

ரத்தம் வந்தால் காஸை வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. உறைந்தது பிய்ந்து மறுபடி ஒழுகும். நின்றபின் சலைனால் கழுவி, அயோடினை வெளிறிய டீ நிறம் வரும்வரை நீர் கலந்து தடவுங்கள். காப்பித்தூள் அப்ப வேண்டாம், அழுக்குதான் சேரும். விரல்களுக்கிடையே பஞ்சு வைத்து, நடு விரல் நுனிகள் இரண்டு வெளியே தெரியும்படி கட்டுங்கள். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம்; உடனே அவிழ்க்க வேண்டும். ஆழமான வெட்டுக்குத் தையல் தேவைப்படும், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. நம் கணக்கில் அது காய்ச்சல் என்று பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் நாய்க்கு விஷமாகலாம்.