காவிரி பற்றி மேடையில் பேசப்போகும் மகளுக்கு எதைச் சொல்லித் தருவது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மூன்று தலைமுறையாக வாழ்கிறோம். பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், ‘காவிரி நீரில் யாருக்கு உரிமை அதிகம்?’ என்ற தலைப்பில் கல்லூரி விவாத மேடையில் பேசவிருக்கிறாள். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது காவிரி. மன்னார்குடியில் என் அண்ணன் சாகுபடிக்கு நம்பியிருப்பதும் காவிரிதான். “தமிழ்ப் பெண் வேறு என்ன பேசிவிடுவாள்?” என்று வகுப்பில் இப்போதே சொல்கிறார்களாம். அவளை எப்படித் தயார்ப்படுத்துவது?

பதில்: அந்த வகுப்புப் பேச்சிலிருந்தே தொடங்குங்கள். சொன்னவர் யார் என்பதைக் காட்டிச் சொன்னதைத் தள்ளிவிடுவது தருக்கப் பிழை. மணிமேகலையின் 29ஆம் காதை ஒரு வாதத்தைப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் நேரும் போலிகளையும், அதாவது சரிபோலத் தோன்றும் பிழைகளையும், விரித்துச் சொல்கிறது. பக்கம் என்பது நிறுவ வேண்டிய கூற்று, ஏது அதற்கான காரணம், திட்டாந்தம் எடுத்துக்காட்டு. பேசுபவரின் ஊரும் தாய்மொழியும் ஏது ஆகமாட்டா. பேசுபவருக்கு அதில் ஆதாயம் இருக்குமானால், சான்றைக் கூடுதல் கவனத்துடன் சரிபார்க்கலாம். சரிபார்க்காமலே ஒதுக்கக் கூடாது. கன்னட மாணவர் ஒருவர் பேசும்போது உங்கள் மகளும் இதே நெறியைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதை மறவாமல் சொல்லுங்கள்.

அடுத்து, எண்கள். ஒருவர் “தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி.” என்பார், இன்னொருவர் “இல்லை, 177.25தான்” என்பார். (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி நீர்.) இரண்டும் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் உள்ள எண்களே. முன்னது தமிழ்நாட்டு எல்லைக்குள் கிடைக்கும் நீரையும் சேர்த்த மொத்தப் பங்கு. பின்னது கர்நாடகம், இரு மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுதோறும் கிடைக்கச் செய்ய வேண்டிய அளவு. சொல்லின் பொருளை முதலில் ஒத்துக்கொள்ளாமல் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். அதேபோல், 2007இல் காவிரி நதிநீர்ப் பிரச்சினைக்கான நடுவர் மன்றம் பங்கிட்ட 740 டி.எம்.சி. என்பது சராசரியாக இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டிலாவது கிடைக்கும் என்று கணிக்கப்பட்ட நீர். ஆகவே மழை பொய்க்கும் ஆண்டில், “தீர்ப்பில் இவ்வளவு இருக்கிறதே” என்பதும், “அணையில் நீர் இல்லையே” என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க இயலும். அப்போது எஞ்சும் கேள்வி, பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதே.

இந்தக் கேள்விக்கு எண்கள் மட்டும் விடை தரமாட்டா. உள்ளது எது என்பது வேறு, நியாயம் எது என்பது வேறு. இதைப் பிரித்தறியும் பழக்கமே நான் மிக முக்கியமாகக் கருதுவது. இதற்குப் பெங்களூருவே சிறந்த எடுத்துக்காட்டு. நகரத்தின் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகைக்குள், அதாவது மழைநீர் காவிரிக்கு வடிந்துசேரும் நிலப்பரப்புக்குள், இருக்கிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு நடுவர் மன்றம் அதன் குடிநீர்த் தேவையைக் குறைத்துக் கணித்தது. உச்ச நீதிமன்றமோ அந்த அணுகுமுறையை ஏற்காமல், நகரத்தின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. இடையில் படுகையின் எல்லை மாறவில்லை. மனிதரின் தாகத்துக்குப் படுகையின் எல்லையைவிட முன்னுரிமை உண்டு என்ற மதிப்பீடுதான் புதிதாக உள்ளே வந்தது. அந்த மதிப்பீட்டை நான் சரியென்றே கருதுகிறேன். ஆனால் அதை ஏற்பவர், டெல்டாவில் நீரின்றிப் போகும் ஊர்களின் குடிநீருக்கும் அதே முன்னுரிமையைத் தரக் கடமைப்பட்டவர்.

அரசியல் கொள்கைகளின் பெயர்கள் இந்த இடத்தில்தான் உதவும். ‘என் நிலத்தில் ஓடும் நீர் எனக்கே’ என்பது இறையாண்மை வாதம். 1895இல் மெக்சிகோவுடனான ரியோ கிராண்டே ஆற்றுப் பிரச்சினையில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன் முன்வைத்தது அதுவே. ‘கல்லணைக் காலந்தொட்டுப் பாசனம் செய்து வருகிறோம்’ என்பதில் வழிவந்த உரிமையைப் போற்றும் பழமைவாதத்தின் சாயல் உண்டு. தேவைக்கேற்பப் பங்கு என்பது சமவுடைமைச் சிந்தனைக்கு நெருக்கமானது, ஒரு டி.எம்.சி.யால் எங்கே அதிக நன்மை விளையும் என்று பார்ப்பது பயன்வாதம். முதலாவது வாதத்தை மேல்நிலை மாநிலமும் இரண்டாவதைக் கீழ்நிலை மாநிலமும் விரும்புவதில் வியப்பில்லை. அதனால்தான் 1971இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் முன்வைத்த சோதனை எனக்குப் பிடிக்கும்: நாளை மண்டியாவில் கரும்பு விவசாயியாகப் பிறப்போமா, மன்னார்குடியில் நெல் விவசாயியாகப் பிறப்போமா, வொயிட்ஃபீல்டில் டேங்கர் லாரிக்குக் காத்திருப்போமா என்று தெரியாத நிலையில், எந்தப் பங்கீட்டு விதிக்கு நாம் கையெழுத்திடுவோம்?

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். மேடைக்கு ஒரு வாரம் முன்பாக, கர்நாடகத் தரப்பை உங்கள் மகள் பத்து நிமிடம் கன்னடத்திலேயே பேசட்டும். அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தினர் யாரேனும் அதைக் கேட்டு, “நாங்கள் சொல்ல நினைத்ததும் இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்வரை திருத்தட்டும். மேடையில் முதல் வாக்கியமாகத் தான் குடிக்கும் நீரையும் பெரியப்பாவின் வயலையும் மறைக்காமல் சொல்லிவிடட்டும். அதன்பின் எண்களுக்கும் நியாயத்துக்கும் நேராகப் போகலாம்.