பக்கத்து இலைக்கு ரெண்டு வடை

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். 12,000 ரூபாயில் சேர்ந்தேன், இப்போது 31,000. எட்டு மாதம் முன்பு ஒரு பையன் சேர்ந்தான். எங்கள் கம்பெனி கணக்கு வழக்கு மொத்தமும் நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போன மாதம் சம்பளப் பட்டியல் போடுகிறவர் லீவில் போனதால் அந்த வேலை என்னிடம் வந்தது. பார்த்தால் அவனுக்கு 42,000! அன்றிலிருந்து மனம் ஒட்டவில்லை. ஆறு மணி ஆனதும் பையை எடுத்துக்கொண்டு பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்துவிடுகிறேன். “மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்ல, அடுத்தவன் இலைய ஏன் பாக்குற?” என்கிறார் கணவர். எனக்கு வந்திருப்பது பொறாமையா? வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருமுல்லைவாயல்.

பதில்: இலை என்று உங்கள் கணவர் சரியாகத்தான் ஆரம்பித்திருக்கிறார். பந்தியில் எல்லாருக்கும் வெறும் சாம்பார் சாதம் என்றால் யாரும் பெரிதாக முகம் சுளிக்க மாட்டார்கள். பக்கத்து இலையில் ரெண்டு வடை விழுந்து, நம் இலையைத் தாண்டி வாளி போய்விட்டால்தான் வயிறு எரியும். பந்தி வஞ்சனை கூடாது என்று நம் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் 1963-இல் இதையே ஆராய்ந்து எழுதினார். நாம் போடுகிற உழைப்பையும் வாங்குகிற கூலியையும் மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. பக்கத்தில் இருப்பவரின் உழைப்போடும் கூலியோடும் ஒப்பிடுகிறோம். தராசுத் தட்டு சமமாக இல்லை என்று பட்டால், நம் பக்கத்து உழைப்பைக் குறைத்தாவது சரிக்கட்டப் பார்ப்போம். உங்கள் ஆறு மணி நடை அதுதான்.

பொறாமையா என்று கேட்டீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. சக ஊழியர்களின் சம்பளத்தை எந்த இணையதளத்தில் பார்க்கலாம் என்று சிலருக்கு மட்டும் சொன்னார்கள். பார்த்தவர்களில், தன் பிரிவின் நடுச்சம்பளத்தைவிட (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) குறைவாக வாங்குபவர்களுக்கு வேலைத் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணமும் கூடியது. அதிகம் வாங்குபவர்களுக்கோ ஒரு மாற்றமும் இல்லை, கூடுதல் சந்தோஷம்கூட இல்லை! இத்தனை பேருக்கும் ஒரே மாதிரி வருவதை உங்கள் குணக்கேடு என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற ஆள்: ஜெரால்ட் கிரீன்பெர்க். பணியிட நியாயத்தைத் தனி ஆய்வுத் துறையாக வளர்த்தவர்களில் ஒருவர். 1990-இல் வந்த அவருடைய ஆய்வில், ஒரு நிறுவனத்துக்கு ஆர்டர் போய்விடுகிறது. ஆட்குறைப்பு வேண்டாம் என்று இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளத்தை வெட்டுகிறார்கள். ஒன்றில் நிறுவனத் தலைவரே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். வெட்டு ஒன்றுதான். ஆனால் இரண்டாவது இடத்தில் திருட்டு மிக அதிகம், வேலையை விட்டவர்களும் அதிகம். சம்பளம் பழையபடி ஆனதும் திருட்டும் இறங்கிவிட்டது. (நீங்கள் ஸ்டேப்ளரை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை என்றே நம்புகிறேன்.)

இதைப் படித்துவிட்டு “நாலு நல்ல வார்த்தை போதும், இன்கிரிமென்ட் வேண்டாம்” என்று கணக்குப் போடும் மேலாளர்களும் இருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நானே ஏழு வருடம் இருந்தேன், நல்ல வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே விளக்கம் கேளுங்கள், பணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் 31,000 எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். 12,000-க்கு வருடம் 9 சதவீதம் ஏற்றினால் பதினோரு வருடத்தில் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். புதிதாக வருபவருக்கு இன்றைய சந்தை விலை, பழையவர்களுக்குப் பழைய அடியிலிருந்து சதவீதம். யாரும் உங்களைக் குறிவைத்து வஞ்சித்திருக்க வேண்டியதில்லை. கவனிக்காமல் விட்டாலே இது நடக்கும். ஆண், பெண் என்பதுதான் காரணம் என்றால் கதை வேறு. ஒரே மாதிரி வேலைக்கு அந்த அடிப்படையில் சம்பளத்தில் பாகுபாடு கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்தது, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? அந்த 42,000-த்தை எங்கேயும் வாய் திறந்து சொல்லாதீர்கள். பொறுப்பில் இருந்தபோது கண்ணில் பட்ட விஷயம் அது. சொன்னால் பேச்சு உங்கள் சம்பளத்தை விட்டு உங்கள் நாணயத்துக்குத் தாவிவிடும். அதற்குப் பதில் இன்று அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சென்னையில் என்ன கொடுக்கிறார்கள் என்று விளம்பரங்களில் பாருங்கள், முடிந்தால் ஒரு இன்டர்வியூவுக்கும் போய் வாருங்கள். கையில் ஒரு எண் வந்த பிறகு மேலாளரிடம் உட்காருங்கள்: “என் வேலைக்குச் சம்பள வரம்பு என்ன? எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? நான் எங்கே இருக்கிறேன்? எப்போது சரிசெய்வீர்கள்?” மார்ச் மாதமே கேட்டுவிடுங்கள், அப்ரைசல் லெட்டர் அச்சானபின் கேட்டுப் பயனில்லை. 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் வேண்டாம், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் அவசரத்தில் ஒருவர் காதிலும் ஏறாது.

பதில் மழுப்பலாக வந்தால், அல்லது “பார்க்கலாம்” என்றே மூன்று மாதம் ஓடினால், தாராளமாகக் கிளம்புங்கள். வேறு ஆஃபர் கையில் வந்தபிறகு.

அந்தப் பையனிடம் மட்டும் முகத்தைத் திருப்பாதீர்கள். உங்கள் சம்பளம் அவனுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அவனுக்கும் அடுத்த வருடத்திலிருந்து அதே சதவீதக் கணக்குதானே.