சின்னப் பிள்ளைகள் முதலில் வரட்டும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். கொரோனாவுக்காக மூடிய பள்ளிக்கூடத்தை இந்த 2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை திறந்ததைப் பற்றி எழுதும்போது, இது தலைகீழ் வரிசை, ஒன்றாம் வகுப்பைத்தான் முதலில் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் திருப்பூரில் இருக்கிறேன். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பாப்பா இரண்டாம் வகுப்பு. அவளுடைய அப்பாரு, அதாவது தாத்தா, எங்களோடுதான் இருக்கிறார், சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மே மாதம் என் பெரியம்மாவை ஆக்சிஜன் பெட் கிடைக்காமல் பறிகொடுத்தோம், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. பெரியவர்களுக்காவது ஊசி இருக்கிறது, குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது? மூன்றாம் அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்கிறார்கள். ஏழு வயசுப் பிள்ளை ஒரு மணி நேரம் மாஸ்க் போட்டிருக்குமா, பக்கத்துப் பிள்ளையின் தண்ணி பாட்டிலில் வாய் வைக்காமல் இருக்குமா? அதுவும் சின்ன வகுப்புகளைத் திறக்கிற நாள் நவம்பர் 1, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், ஊரே கடைவீதியில் இடித்துக்கொண்டு நிற்கிற நேரம். ஒரு வருஷப் படிப்பு போனால் அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம். உயிர் போனால் வருமா? குழந்தைகளுக்கு ஊசி வந்த பிறகு திறந்தால் என்ன குறைந்துவிடும்?

பெயர் வேண்டாம் அண்ணா.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. பெரியம்மாவைப் பற்றிய அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியாமல் பதிலைத் தள்ளிக்கொண்டே வந்தேன். மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த வாரத்தில் எங்கள் தெருவிலும் இரண்டு சாவு, இரண்டுக்கும் யாரும் போக முடியவில்லை. அந்த மே மாதத்தில் யாராவது பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இது 2021 அக்டோபர். இப்போது ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சில நூறு பேருக்குத்தான் வருகிறது. மே மாதத்து முடிவையே அக்டோபருக்கும் வைத்துக்கொள்ள முடியாது.

'ஒரு வருஷப் படிப்பு போனால் அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் தனிப் பதிலாக இல்லாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், ஏனென்றால் இதையே எனக்குப் பத்துப் பேராவது சொல்லிவிட்டார்கள்.

முதலில், போனது ஒரு வருஷம் இல்லை. 2020 மார்ச் நடுவில் சின்னப் பிள்ளைகளுக்கு லீவு விட்டார்கள், பதினைந்து நாளைக்கு என்று சொல்லித்தான் விட்டார்கள், அது பத்தொன்பது மாதமாக நீள்கிறது. உங்கள் பாப்பா இரண்டாம் வகுப்பு என்கிறீர்கள். அப்படியென்றால் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவள். ஒன்றாம் வகுப்பு என்ற அறைக்குள் அவள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்குப் போனது பாடம். அதைக் கஷ்டப்பட்டாவது அவன் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொள்வான், ஏனென்றால் அவனுக்கு வாசிக்கத் தெரியும். பாப்பாவுக்குப் போனது அந்த வாசிப்பே. இது இரண்டும் ஒரே நஷ்டமா, சொல்லுங்கள்.

நான் கோபி பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். ஜூலையிலிருந்து சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள், நான் ஆசிரியன் இல்லை, சும்மா எழுதப் படிக்க வைக்கிறேன். அதில் ஒரு பையன் மூன்றாம் வகுப்பு. நல்ல சூட்டிகை, கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொண்டுவருவான். அவனிடம் 'கொக்கு' என்று எழுதிக் காட்டினேன். 'கெர' என்று ஆரம்பித்து நின்றுவிட்டான். ஏன் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, ராத்திரி யோசிக்கும்போதுதான் புரிந்தது. ஒற்றைக்கொம்பும் க-வும் சேர்ந்தால் அவனுக்கு 'கெ'. அப்புறம் வருகிற துணைக்காலை அவன் 'ர' என்று பார்க்கிறான். பார்க்க அப்படித்தானே இருக்கிறது! எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இரண்டும் சேர்ந்து நடுவில் இருக்கிற க-வை 'கொ' ஆக்குகிறது என்பது நமக்கு யாரோ ஒரு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, சிலேட்டில் நாற்பது தடவை எழுத வைத்ததால் வந்தது. நாம் அதை மறந்துவிட்டோம், பிறவியிலேயே வாசிக்கத் தெரிந்தவர்கள் மாதிரி நினைத்துக்கொள்கிறோம்.

இதை போனில் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தப் பையன் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, ஆனால் அது அவன் அப்பாவோடு காலை ஆறரைக்கு வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். கல்வித் தொலைக்காட்சி நல்ல முயற்சி, கொரோனாவுக்கு முன்பே 2019 ஆகஸ்டில் தொடங்கியது, அது இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் டிவிக்குள் இருக்கிற டீச்சருக்குப் பிள்ளையின் சிலேட்டு தெரியாது. அவன் துணைக்காலை 'ர' என்று வாசிப்பது அவருக்குக் கேட்காது.

எங்கள் திண்ணையை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. பொருளியலாளர் ஜான் திரேஸும் மற்றவர்களும் சேர்ந்து இந்த ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சுமார் 1,400 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். எதுவுமே படிக்காதவர்கள் 37 சதவீதம். நகரத்துத் தனியார் பள்ளிகளில் வகுப்பு நடந்ததை வைத்து 'ஆன்லைனில்தான் ஓடுகிறதே' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம் என்றால், யார் சொல்லிக்கொடுப்பார்கள்? ஆல் பாஸ் போட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம், அந்த வகுப்பின் புத்தகம் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பி எழுதப்பட்டது. மூன்றாம் வகுப்பு டீச்சர் எந்தப் பாடவேளையில் கொம்பையும் காலையும் சொல்லிக்கொடுப்பார்?

சத்துணவைப் பற்றி ஒரு வரி. அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள், வாங்கினார்கள், ஆனால் அது வீட்டு உலையில் எல்லோருக்குமாகத்தான் கொதித்தது. பிள்ளை தன் தட்டில் தனக்கென்று சாப்பிடும் ஒரு வேளைச் சூடான சாப்பாடு நின்று போனது போனதுதான்.

சரி, உயிர் விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் அலை குழந்தைகளைக் குறிவைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எய்ம்ஸ் இயக்குநர் குலேரியா பல தடவை சொல்லிவிட்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் இந்த ஜூன், ஜூலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 6 வயதிலிருந்து 9 வயது வரை உள்ள பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது. ஊசி போடாத பிள்ளைகள் அவர்கள். அப்படியென்றால் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோதே, வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தபோதே, பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு அது வந்து போய்விட்டது, பெரும்பாலும் நமக்கே தெரியாமல். அந்த முடிவை ஜூலை 20ஆம் தேதி வெளியிடும்போது ஐசிஎம்ஆர் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, பள்ளிகளைத் திறப்பதென்றால் தொடக்கப் பள்ளியிலிருந்து தொடங்குவது நல்லது என்று சொன்னார். டென்மார்க்கில் 2020 ஏப்ரல் 15ஆம் தேதியே, மூடிய பள்ளிகளைத் திறக்க ஐரோப்பாவில் வேறு யாரும் துணியாதபோது, சின்ன வகுப்புகளை முதலில் கூப்பிட்டார்கள், பெரியவர்களை அப்புறம். என் 'தலைகீழ்' பேச்சு வந்தது இங்கிருந்துதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் இஸ்ரேலில் எல்லா வகுப்புகளையும் மொத்தமாகத் திறந்தார்கள். பத்தே நாளில் ஜெருசலேமில் ஒரு பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று பரவியது. அது மேல்நிலை வகுப்புகள் உள்ள பெரிய பள்ளி. ஒரு வகுப்பில் 35 பேருக்கு மேல். வெயில் அலை அடித்ததால் மாஸ்க் வேண்டாம் என்று விலக்குக் கொடுத்து, ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டிருந்தார்கள். எனக்கு இதில் தெரிகிற பாடம், நெரிசலும் அடைத்த காற்றும்தான் ஆபத்து. நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஏசி இல்லை, ஆனால் ஐப்பசி மழை இருக்கிறது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினால் அதே கதைதான். ஜூலையிலேயே, வெயில் காய்ந்துகொண்டிருந்த நாளில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தொடங்கியிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் ஆதங்கம் இருக்கிறது.

ஏன் தொடங்கவில்லை? பொதுத்தேர்வு என்ற ஒன்றைச் சுற்றியே எல்லாம் நடந்தது. போன வருஷம் நவம்பர் 9ஆம் தேதி பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள், அதில் கேட்டது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோரை மட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாயாரை யாரும் கூப்பிடவே இல்லை. பிறகு ஜனவரி 19ஆம் தேதி பத்தும் பன்னிரண்டும் திறந்தார்கள், பிப்ரவரி 8ஆம் தேதி ஒன்பதும் பதினொன்றும். பிப்ரவரி 25ஆம் தேதியே ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றுக்கும் ஆல் பாஸ் என்று அறிவித்தார்கள். தேர்வுக்காகத் திறந்து, தேர்வும் இல்லாமல் போன அந்த வாரங்களில் சின்னப் பிள்ளைகள் வந்திருக்கலாம், தொற்று அப்போது குறைவாக இருந்தது. இந்த வருஷமும் சினிமா தியேட்டரை ஆகஸ்ட் 23ஆம் தேதி திறந்தோம், ஒன்றாம் வகுப்புக்கு நவம்பர் 1. இது எனக்கு ஆறவே இல்லை. ஓட்டுப் போடாத, சங்கம் வைக்காத, டிக்கெட் வாங்காத ஒரே கூட்டம் ஏழு வயசுக் குழந்தைகள்தான்.

ஊசிக்காகக் காத்திருப்பதைப் பற்றி. ஆகஸ்டில் அனுமதி வாங்கிய சைகோவ்-டி 12 வயதுக்கு மேல்தான். கோவாக்சினை 2 வயதிலிருந்து போடலாம் என்று இந்த மாதம் நிபுணர் குழு பரிந்துரைத்திருக்கிறது, இறுதி அனுமதி இன்னும் வரவில்லை, வந்தாலும் பெரிய பிள்ளைகளுக்குப் போட்டு முடித்துப் பாப்பாவின் முறை வர எத்தனை மாதமோ. அதுவரைக்கும் மூடியிருந்தால் அவள் மூன்றாம் வகுப்பையும் வீட்டிலேயே முடித்துவிடுவாள்.

உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து பாப்பாவுக்கு இல்லை தங்கச்சி, அவளுடைய அப்பாருக்கு. அவரைப் பற்றித்தான் நான் இரண்டு நாளாக யோசித்தது. அவருக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்றா? நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. செப்டம்பர் 12ஆம் தேதியிலிருந்து மெகா முகாம் மாற்றி மாற்றி நடக்கிறது, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். போடவில்லை என்றால் அடுத்த முகாமுக்குக் கையோடு கூட்டிப் போங்கள், அதற்கு முன் பாப்பாவை அனுப்ப வேண்டாம் என்று நானும் சொல்வேன். உங்கள் கணவர் தினமும் கம்பெனிக்குப் போய் வருகிறார், அங்கே எத்தனை பேரோடு வேலை பார்க்கிறார்? கிருமி வீட்டுக்குள் வர அந்த வழி ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது.

தீபாவளி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நவம்பர் 1 திங்கட்கிழமை, வியாழன் தீபாவளி. மூன்று நாள் வரவைத்துத் திரும்ப அனுப்புவதில் எனக்கும் அர்த்தம் தெரியவில்லை. வருகை கட்டாயமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் 8ஆம் தேதி அனுப்புங்கள். மாஸ்க் விஷயத்திலும் உங்களோடு பாதி உடன்படுகிறேன். ஏழு வயசுப் பிள்ளை நாள் முழுக்கப் போடாது. டீச்சர் மாஸ்க்குக்குள் இருந்துகொண்டு ல, ள, ழ சொன்னால் நாக்கு எங்கே மடிகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது, அந்த நேரத்துக்கு மட்டும் வராந்தாவில் தள்ளி நின்று முகத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம். டீச்சருக்கு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

போவதற்கு முன் நீங்களே ஒரு நடை பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஜன்னல் கதவு திறக்கிறதா, துரு ஏறி இறுகிக் கிடக்கிறதா. ஒரு அறையில் இருபது பிள்ளைகளுக்கு மேல் உட்கார வைப்பார்களா. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்களா, பத்தொன்பது மாதம் பூட்டிக் கிடந்த கழிப்பறைச் சுவர் நனைந்து விரிசல் விட்டிருக்கிறதா, இதெல்லாம் கொரோனாவைவிடக் குறைந்த ஆபத்து இல்லை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு கூரையை மாற்றினோம், படிக்கட்டை அளந்தோம், அப்படித்தான் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தோம். தலைமையாசிரியரிடம் கேட்கத் தயங்காதீர்கள், நாலு தாய்மார் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

திரும்ப ஒரு அலை வந்தால்? வரலாம். வந்தால் மூடத்தான் வேண்டும், ஆனால் அப்போது கடைசியாக மூடுவது ஒன்றாம், இரண்டாம் வகுப்பாக இருக்க வேண்டும், திரும்பத் திறக்கும்போது முதலில் திறப்பதும் அதுவே. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

போன சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளியைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டார்கள், போயிருந்தேன். ஒன்றாம் வகுப்பு அறையில் கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்த படங்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன, 2020 மார்ச்சில் மாட்டியவை. ஒவ்வொன்றின் கீழும் கோணல்மாணலாகப் பெயர். திண்ணைக்கு வருகிற அந்தப் பையனின் பெயரும் இருந்தது, எழுத்து ஒன்றுகூட விடாமல் அவனே எழுதியது.

நீங்கள் இன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். சாப்பாடு முடிந்ததும் பாப்பாவிடம் ஒரு பேப்பரில் 'கொக்கு' என்று எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள், படம் போட்டுக் காட்டாதீர்கள், முதலெழுத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். என்ன வாசித்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்